ஏழு பின்னல் பட்டை

என் அத்தை ஒடெசா டார்ப்ளி அமெரிக்காவில், மெம்பிஸ் நகரத்தில் ஒரு வாட்ச் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக கைக்கடிகாரத்துக்கான மாதிரித் துணிப்பட்டைகள் தைக்கிறாள். அவள் கோபத்தைக் கொட்டமாட்டாள், ஊறப்போடுவாள்.

கறுப்பர் வரலாற்று மாதத்துக்கென்று ஒரு பட்டை வேண்டும் என்று கம்பெனி கேட்டது. கறுப்புத் துணியில் சிவப்பும் பச்சையுமாக ஏழு வளைந்த வரிகள் தைத்துக் கொடுத்தாள் அத்தை. மகள் ஜானீஸுக்குச் சின்ன வயதில் மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னிவிட்ட தலைப்பின்னல் அது. அந்த மாதமான பிப்ரவரியில் பட்டை கடைக்கு வந்தபோது, பெட்டியில் வடிவமைத்தவர் பெயர் கார்ல்டன் வீபர் என்றிருந்தது. வீபர் எங்கள் மேலாளர், வெள்ளைக்காரர்.

பெட்டியில் போகும் வாசகத்தைப் பிழை பார்த்து அனுப்பியது அதே கம்பெனியில் வேலை பார்க்கும் நான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேனா, அல்லது அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் பெயர் இருப்பது எனக்கே இயல்பாகப் பட்டதா? இன்னும் தெரியவில்லை.

அத்தை யாரிடமும் முறையிடவில்லை. வீபரிடம் போய்ச் சிரித்தாள்.

"சார், ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு வந்து பட்டையைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்."

வந்தார். பேசினார். "இந்தக் கோடுகள்லாம் ஆப்பிரிக்க நதிங்க. சிங்கத்தோட பிடரியும் இதுல இருக்கு."

"ஆண்டவரே, இவருக்கு ஒத்தாசை பண்ணும்!" என்று முன்வரிசையிலிருந்து யூலா அம்மா கூவினார்.

பிரசங்கம் தேறாதபோது எங்கள் சபையில் எழும் குரல் அது. வீபர் அதைப் பாராட்டு என்று நினைத்து, நன்றி சொல்லி, இன்னும் பத்து நிமிடம் பேசினார். சபையே "ஒத்தாசை பண்ணும்!" என்றது. அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

அத்தை எழுந்தாள். "நாலாவது கோடு மட்டும் ஏன் சார் பாதியில நிக்குது?"

வீபர் கையிலிருந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அது நதியும் இல்ல, சிங்கமும் இல்ல. என் பொண்ணு ஜானீஸோட தலை. இந்த மாதிரிப் பின்னலோட வரக்கூடாதுன்னு டீச்சர் வெட்டினது அந்த நாலாவது பின்னலை. இப்ப யார் தைச்சதுன்னு நீங்களே சொல்லுங்க."

"ஒடெசா" என்றார் வீபர் மைக்கில், மெல்ல.

"முழுப் பேரு!" என்றாள் அத்தை.

"ஒடெசா டார்ப்ளி."

"திரும்பச் சொல்லுங்க!" என்றது சபை. ஆர்கன்காரர் வேறு ஒவ்வொரு தடவையும் சுதி போட்டார். ஐந்து முறை சொல்லவைத்த பிறகே விட்டார்கள்.

"சிஸ்டர், மன்னிச்சுடுங்களேன்" என்றார் பாஸ்டர்.

"பெட்டியெல்லாம் மாத்தி அச்சடிக்கட்டும், பாஸ்டர். அப்புறம் யோசிக்கறேன்."

கைதட்டியவர்களில் நானும் இருந்தேன். அத்தை என் வரிசைக்கு வந்து நின்றாள்.

"எழுத்துப் பாத்து அனுப்பினவன் நீதானேடா? அடுத்த ஞாயிறு மைக் உனக்கு."