ஒரு சாண் நகர்ந்த வெள்ளைக் கோடு

காலை எட்டு மணி பத்து நிமிடம். எடைமேடை அறையின் சன்னல் வழியே முதலில் என் கண்ணில் பட்டது ஒரு டிப்பர் லாரியின் முன் சக்கரம். தரையைத் தொடும் இடத்தில் அது வழக்கத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாகப் பிதுங்கியிருந்தது.

அதற்குக் காரணம் நான். ஆனால் லாரியை ஓட்டிவந்த முருகேசன், தவறு தன்னுடையது என்று சொல்லி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன்...

இதுதான் என் குற்றம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஆனால் என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெருமையை ஒதுக்கிவைத்துவிட்டு என்னால் இதைச் சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் ஜல்லியும் மணலும் ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் நான் எடைமேடைப் பொறுப்பாளர். ஒரு லாரி மொத்தம் எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. முன் அச்சு எவ்வளவு தாங்கலாம், பின் அச்சுகள் எவ்வளவு தாங்கலாம் என்பதற்கும் தனித்தனி வரம்பு உண்டு. மொத்த எடை சரியாக இருந்தாலும், குவியல் கொஞ்சம் பின்னால் தள்ளி விழுந்தால் பின் அச்சு வரம்பை மீறும். முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் போகும். முன்னால் தள்ளி விழுந்தால் முன் சக்கரங்கள் நசுங்கும்.

இதற்கு நான் கண்ட வழி ஒரு வெள்ளைக் கோடு. ஒவ்வொரு லாரியையும் தனியாக எடை போடுவேன். முதலில் முன் அச்சு மட்டும், பிறகு பின் அச்சுகள் மட்டும். காலியாக ஒருமுறை, சுமையோடு மூன்று முறை. குவியலின் உச்சி எங்கே நின்றால் இரண்டு பக்கமும் வரம்புக்குள் இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் பக்கப்பலகையின் மேல் விளிம்பில் கோடு இழுப்பேன். ஜல்லியை அள்ளிக் கொட்டும் லோடர் இயந்திரத்தை ஓட்டுபவர் அந்தக் கோட்டுக்கு நேராகக் கொட்டினால் போதும். அதன்பின் அன்றாடம் மேடையில் மொத்த எடையை மட்டுமே பார்ப்போம்.

முப்பத்தொரு லாரிகள். முப்பத்தொரு கோடுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. மற்றக் கிடங்குகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த வேலைக்கு வருமுன் நாளிதழ் ஒன்றில் பத்து ஆண்டுகள் பிழை திருத்தினேன். ஒரு பக்கத்தில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால், படிக்கும் முன்பே என் கண் அங்கே போய் நின்றுவிடும். அதே கண்தான் இங்கே சக்கரங்களைப் பார்க்கிறது.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: எடை போடாமல் கோடு போடக்கூடாது.

அதை ஒருமுறை மீறினேன்.

வேறொரு நிறுவனம் ஓட்டி விற்ற இரண்டு லாரிகள் புதிதாக எங்களிடம் வந்தன. ஒரே நிறுவனத் தயாரிப்பு, ஒரே ஆண்டு, அடுத்தடுத்த பதிவெண்கள். முதல் லாரியை முறைப்படி எடை போட்டுக் கோடு இழுத்து முடித்தபோது மாலை ஐந்தரை. ஃபேரர் பார்க்கில் தையற்காரர் ஏழு மணிக்குக் கடையை மூடிவிடுவார். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நான் உடுத்த வேண்டிய சேலையின் ரவிக்கை அவரிடம் இருந்தது. இரண்டாவது லாரியைப் பார்த்தேன். அச்சு அசலாக முதல் லாரி. அளவுநாடாவை நீட்டி, அதே இடத்தில் கோட்டை இழுத்தேன். ஆறே முக்காலுக்கு ரவிக்கை என் கையில் இருந்தது.

அந்த இரண்டாவது லாரி முருகேசனுக்குப் போனது.

முருகேசன் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருப்பவர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். பிழை என்று அவர் பெயரில் ஒரு குறிப்புகூடக் கிடையாது. அவ்வாண்டு ஓட்டுநர் பயிற்சியாளராக அவரைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். முதுகுவலி தொடங்கியிருந்தது அவருக்கு. ஆள் பழக்கும் வேலை என்றால் நாள் முழுக்க லாரியில் குலுங்க வேண்டியதில்லை. "எனக்கு வேணும்கா அந்த வேலை" என்று என்னிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

மூன்றாவது வாரம் சாலையில் போக்குவரத்து அதிகாரிகள் அவரை நிறுத்தி எடை போட்டார்கள். மொத்த எடை சரி. பின் அச்சு மீறியிருந்தது.

மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். அவர் சீனர்; தமிழ் ஓட்டுநர்களிடமிருந்து நாலைந்து தமிழ்ச் சொல் கற்றிருப்பவர். ஆங்கிலத்தில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: கோடு சரியா?

"சரி" என்றேன்.

யோசித்தேனா? இல்லை. அந்த நொடியில் அது பொய் என்றுகூட எனக்குத் தெரியாது. என் கோடு தவறும் என்ற எண்ணமே எனக்குள் எழவில்லை. எழுந்திருக்க வேண்டாமா? எடை போடாமல் இழுத்த ஒரே கோடு அது என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்!

நான் மேலே எதுவும் சொல்லுமுன் முருகேசன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் குறுக்கிட்டார். "கோடு மேல தப்பில்ல பாஸ். நான்தான் மேல ஏறிப் பார்க்கல. லோடர்காரன் கொஞ்சம் பின்னால கொட்டியிருப்பான்."

நிறுவன விதிப்படி அவரை மூன்று மாதம் லாரியிலிருந்து இறக்கினார்கள். வாசலில் வெளியேறும் லாரிகளின் சக்கரச் சேற்றைக் குழாய் நீரால் கழுவும் வேலை. பயிற்சியாளர் பதவிக்கு வேறொருவரை எடுத்தார்கள்.

மறுநாள் அந்த லாரி காலியாக மேடையைக் கடந்தபோது பின் அச்சுகளை மட்டும் தனியாக நிறுத்தச் சொன்னேன். அதன் இரட்டையான முதல் லாரியைவிட நானூற்று நாற்பது கிலோ அதிகம். மதிய உணவு நேரத்தில் ஏறி உள்ளே பார்த்தேன். தளத்தின் பின்பாதியில் யாரோ தடித்த இரும்புத் தகடு பதித்திருந்தார்கள். பெரிய கற்கள் விழுந்து தேயாமல் இருக்க, பழைய உரிமையாளர் செய்திருக்க வேண்டும். எடை போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கணக்குப் போட்டேன். கோடு ஒரு சாண் முன்னால் இருக்க வேண்டும்.

பழைய கோட்டின் மேல் சாம்பல் வண்ணம் பூசினேன். ஒரு சாண் முன்னால் புதிய கோட்டை இழுத்தேன். மாதம் ஒருமுறை கோடுகளைப் புதுப்பிப்பவள் நான்தான் என்பதால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளிதழில் தவறு நேர்ந்தால் மறுநாள் ஒரு மூலையில் 'திருத்தம்' என்று நான்கு வரி வரும். அந்த நான்கு வரியை விடாமல் போடவைத்தவள் நான். இங்கே வண்ணம் காய்வதற்குள் உணவு நேரம் முடிந்துவிட்டது.

அறையிலிருந்து பார்த்தால் கழுவுமிடம் தெரியும். முருகேசன் குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் எடைச்சீட்டு எழுதினேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். முருகேசன் நாலைந்து நண்பர்களோடு எதிரே வந்தார்.

"டேய், இவங்கதான் நான் சொல்வேன்ல, கோடு போடுற அக்கா."

"ஓ... உன்னை டயர் கழுவ வச்ச அக்காவா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"போடா லூசு. அக்கா கோடு தப்பவே தப்பாது. நான்தான் சொதப்பிட்டேன்." என் பையைப் பார்த்து, "குடுங்கக்கா, பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிட்டு வரேன்" என்றார்.

கொடுத்தேன். தோ பாயோவுக்குப் போகும் என் பேருந்து வரும்வரை ஏழெட்டு நிமிடம் அருகில் நின்றார். ஏழெட்டு நிமிடம்... ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் முருங்கைக்காயின் விலையைப் பற்றிப் பேசினேன்.

மூன்று மாதம் முடிந்து அவர் மீண்டும் அதே லாரியில் ஏறிய முதல் காலைதான் நான் தொடக்கத்தில் சொன்ன காலை. சக்கரத்தைப் பார்த்ததும் வெளியே ஓடினேன்.

"நிறுத்துங்க முருகேசன். முன்னால கூடுதல்."

இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. "கோட்டுக்கு ஒரு சாண் முன்னால கொட்டச் சொன்னேன்கா. போன தடவை பின்னால கூடிப்போச்சுல்ல... அந்தப் பயம்."

ஒரு சாண். நான் கணித்த அதே ஒரு சாண். எந்த மேடையும் இல்லாமல், மூன்று மாதம் சக்கரங்களைக் கழுவிக்கொண்டே அவர் அந்த அளவுக்கு வந்திருந்தார். நான் கோட்டை முன்பே நகர்த்திவிட்டது அவருக்குத் தெரியாது. இரண்டு திருத்தங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக முன் அச்சில் உட்கார்ந்திருந்தன.

அவருடைய கணக்கு சரி என்று சொல்லியிருக்கலாம். என் கோடுதான் தவறு என்று சொல்லியிருக்கலாம்.

"கோட்டுலயே கொட்டச் சொல்லுங்க" என்றேன்.

"சாரிக்கா. என் கண்ணுதான் சரியில்ல போல."

"பரவாயில்ல."

லாரியைத் திருப்பிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, மறுபடி ஏற்றிவந்தார். இரண்டு அச்சும் வரம்புக்குள் வந்தன. வாசலைத் தாண்டாத பிழைக்கு எங்களிடம் பதிவு கிடையாது. அதனால் நான் எங்கும் எழுதவில்லை.

அப்போது எனக்குள் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பெருமை. ஒரு விரல் அகலப் பிதுக்கத்தை இருபது அடி தூரத்திலிருந்து இந்தக் கிடங்கில் வேறு யார் பார்த்திருப்பார்கள்? இப்போதும் அந்தப் பெருமை குறையவில்லை. முப்பத்தொரு கோடுகளும் இன்று சரியாக இருக்கின்றன. இதைச் சொல்லும்போதுகூட என் முதுகு நிமிர்கிறது... என்னை என்ன செய்வீர்கள்?

முருகேசன் இப்போது ஒவ்வொரு நடையிலும் சன்னலருகே வண்டியை நிறுத்தி, நான் தலையசைத்த பிறகே நகர்கிறார். வேறு ஓட்டுநர் யாரும் அப்படி நிற்பதில்லை.

சென்ற மாதம் பயிற்சியாளர் பதவிக்கு மீண்டும் விண்ணப்பங்கள் கேட்டார்கள். எடைமேடையின் முத்திரை வேண்டும் என்பதால் அவர் தன் படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு கட்டம் உண்டு: சுமை ஏற்றியதில் உங்களால் நேர்ந்த பிழைகள் எத்தனை?

நிறுவனத்தின் பதிவில் இருப்பது ஒன்று. முருகேசன் அந்தக் காலையையும் சேர்த்துத் தன் கையால் '2' என்று எழுதியிருந்தார்.

நான் முத்திரை குத்தி, படிவத்தை மேலாளரின் மேசையில் வைத்தேன்.