ஏர் ஸ்க்ரூவுக்கு வைத்த சீல்

1. டிபன் பாக்ஸில் வந்த கார்பரேட்டர்

ஒரு வியாழக்கிழமை காலை, வயதான அம்மா ஒருவர் காரைக்காலில் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். கூடையிலிருந்து இரண்டடுக்கு டிபன் பாக்ஸை எடுத்தார். யாருக்கோ சாப்பாடு கொண்டுபோகிறவர், வழி கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கீழ் அடுக்கைத் திறந்தார். உள்ளே பழைய காகிதத்தில் சுற்றி ஒரு கார்பரேட்டர்.

"கார்பரேட்டர் வேலை பாக்குற தம்பி நீங்கதானே? இது எங்க தோட்டத்துல புல்லு வெட்டுற சின்ன டிராக்டரோடது. மூணு வருஷமா ஓடாம கெடக்கு. என்னன்னு பாருங்க."

எனக்கு அறுபத்தொரு வயது. என்னைத் தம்பி என்று கூப்பிட ஊரில் ஆள் குறைந்துவிட்டது. அதிலேயே பாதி விழுந்துவிட்டேன் என்று வையுங்கள்.

நெரவிப் பக்கம் அவரை எல்லோரும் மதாம் என்பார்கள். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது சாமான்களோடு இந்தப் பெட்ரோல் டிராக்டரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிறுதோறும் தென்னந்தோப்பில் அதன் மேல் உட்கார்ந்து புல் வெட்டுவாராம். அவர் இறந்த பிறகு வண்டியும் நின்றுவிட்டது. ஒரே மகன் பிரான்சில்.

"நீங்களேவா கழட்டுனீங்க?" என்றேன்.

"அவரு கழட்டுவாரு, நான் ஸ்பேனர் எடுத்துக் குடுப்பேன். பாத்துப் பாத்துப் பழகிடுச்சு."

பிரித்தால் உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசினாகக் கிடந்தது. பெட்ரோல் வரத்தைத் திறந்து அடைக்கும் ஃப்ளோட் நீடிலின் முனை தேய்ந்திருந்தது. பெட்ரோல் பீய்ச்சும் ஜெட் ஓட்டையில் கம்பியை விட்டுக் குடையும் புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை: அதைச் செய்யாதீர்கள். ஓட்டை பெரிதானால் இஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், ஓடாது. ஊறப்போட்டு, காற்று அடித்து, பொறுமையாக எடுக்க வேண்டும்.

நீடிலுக்குத்தான் நாயாக அலைந்தேன். காரைக்கால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத எந்த மியூசியத்துலேர்ந்து கொண்டாந்தீங்க?" என்றார். கடைசியில் கிளிஞ்சல்மேட்டில், படகு இஞ்சின் பார்க்கும் ஒரு நண்பரின் சாக்குமூட்டையில் பழைய அவுட்போர்டு கார்பரேட்டர்கள் கிடந்தன. ஒன்றின் நீடில் பருமன் சரியாக இருந்தது, நீளம் ஒரு மயிரிழை கூடுதல். எண்ணெய்க் கல்லில் தேய்த்துச் சரிசெய்தேன். கேஸ்கெட்டை பேக்கிங் ஷீட்டில் பிளேடால் வெட்டிக்கொண்டேன்.

நெரவிக்கு மொபெட்டில் போய் மாட்டினேன். காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி, ஒன்றேமுக்கால் சுற்று திரும்ப விட்டேன். அந்த வண்டிக்கு அதுதான் அளவு. ஸ்டார்ட்டர் கயிற்றின் இரண்டாவது இழுப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. மதாம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தச் சத்தம் இல்லாம வீடே கம்முனு கெடந்துச்சு தம்பி."

2. திரும்பி வந்த வேலை

இரண்டு வாரம் போயிருக்கும். வியாழக்கிழமை, அதே டிபன் பாக்ஸ்.

"இஞ்சின் இருமுது தம்பி. ரேஸ் குடுத்தா அணைஞ்சி போவுது."

எனக்குச் சுருக்கென்றது. சிறுவயதில் நான் வேலை பழகிய பட்டறை முதலாளி ஒரு முரடர். "குடுத்த வண்டி திரும்பி வந்தா அது வேலையாடா? அதுக்கு நீ வீட்ல தூங்கிருக்கலாம்" என்பார். நாற்பத்தைந்து வருஷமாக அந்தக் குரல் என் காதிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பார்த்தால் ஏர் ஸ்க்ரூ மூன்று சுற்று வெளியே வந்திருந்தது. இஞ்சின் அதிர்வில் கழன்றிருக்கும், ஸ்பிரிங் தளர்ச்சி என்று முடிவுகட்டினேன். பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டு அனுப்பினேன். மறுபடி வந்தது. வேறு ஸ்பிரிங் போட்டேன். அதுவும் வந்தது. இப்படியே ஏழெட்டு மாதம்.

கீழ் அடுக்கில் கார்பரேட்டர் வந்தால் மேல் அடுக்கில் வெல்லப் பூரணம் வைத்துப் பொரித்த சுழியம் வரும். பெட்ரோல் வாடை லேசாக அடிக்கும். அடித்தால் என்ன, தின்பேன். மதாம் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் சொல்லிவிட்ட டீயைக் குடித்துக்கொண்டே, மகன் போனில் சொன்னதைச் சொல்வார். பேரனுக்குத் தமிழ் வராது, போனில் பாட்டியும் பேரனும் சிரித்துக்கொள்வதோடு சரி. என் மனைவி திருப்பூரில் மகள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போய் நாலு வருஷம் ஆகிறது.

"வீட்டம்மா போன் பண்ணாங்களா? ராத்திரி என்ன ஆக்குனீங்க?" என்பார் மதாம்.

நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்க இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. இருந்தும் பாருங்கள், என் புத்தி முழுக்க அந்த ஸ்க்ரூவிலேயே இருந்தது.

ஒருமுறை, மனைவி விட்டுப்போன நகப்பாலிஷை எடுத்து ஸ்க்ரூ தலையிலிருந்து பாடி வரை ஒரு கோடு போட்டு அனுப்பினேன். அதிர்வில் மெல்ல நகர்ந்தால் கோடு கொஞ்சம் விலகியிருக்கும். திரும்பி வந்தபோது கோடு உடைந்து, ஸ்க்ரூ காடியில் பளபளவென்று புதுக் கீறல்.

"இது ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திருப்புனது. யாரு கை வச்சாங்க மதாம்?"

அவர் முகம் சிவந்தது. "நான் ஒண்ணும் தொடலையே தம்பி."

"தேங்கா பறிக்க வர்ற ஆளு எவனாச்சும் நோண்டியிருப்பான். இருங்க, இதுக்கு ஒரு வழி பண்றேன்."

தண்ணீர்க் குழாய் ஓட்டையை அடைக்கும் எபாக்ஸியைப் பிசைந்தேன். ஒன்றேமுக்கால் சுற்றில் ஸ்க்ரூவை நிறுத்தி, தலை மூடும்படி அப்பினேன். "இனிமே ஆண்டவனே வந்தாலும் திருப்ப முடியாது. நீங்க பஸ் ஏறி அலையவே வேணாம்" என்றேன். என்ன பெருமை எனக்கு!

மதாம் டிபன் பாக்ஸை மூடினார். "அப்ப இனிமே வர வேண்டிய வேலை இல்ல, அப்படித்தானே?"

"இல்லவே இல்ல."

"சரி தம்பி," என்று எழுந்து பஸ்ஸுக்குப் போனார். கையில் இருந்த சுழியத்தை நான் தின்று முடித்தேன்.

3. நெரவியில் பார்த்தது

அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. என் கைவேலை நிலைத்துவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு, வியாழக்கிழமை என்றால் பஸ் சத்தத்துக்குத் தலையைத் தூக்க ஆரம்பித்தேன். டீக்கடையில் வாய் தவறி இரண்டு டீ சொல்லிவிட்டு, இரண்டையும் நானே குடித்தேன். போய்ப் பார்த்திருக்கலாம். காரணம் இல்லாமல் ஒரு வீட்டுக்கு எப்படிப் போவது? எனக்குக் கூச்சம். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை, மரமண்டை.

நாலு மாதம் கழித்து, சர்வீஸ் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தார்.

"மதாமா? மகன் வந்து பிரான்ஸுக்குக் கூட்டிட்டுப் போய் இருவது நாளாச்சுங்க. போக மாட்டேன்னுதான் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. அப்புறம் என்னமோ, 'இங்க எனக்கு என்ன வேலை இருக்கு'ன்னு கெளம்பிட்டாங்க."

"போன் நம்பர் எதுவும் இருக்கா?"

"தெரியலிங்களே."

டிராக்டர் கொட்டகையில் நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நான் வைத்த எபாக்ஸி அப்படியே இருந்தது. அதைச் சுற்றி, அலுமினிய பாடி முழுக்கக் கீறல்கள். ஒன்றிரண்டு அல்ல. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தி, நெம்பி, சுரண்டிப் பார்த்த தடம். பக்கத்துச் சட்டத்தில், முனை உடைந்த சமையலறைக் கத்தி ஒன்று கிடந்தது. எபாக்ஸி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

தேங்காய் பறிக்கிறவன் கத்தியெடுத்து இவ்வளவு பாடுபடுவானா? என் பட்டறைக்கு வர ஒரு காரணம் தேவைப்பட்டவர்தான் படுவார். அங்கேயே டயர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். நெல் கிளறிய அம்மா என்ன நினைத்தாரோ, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். ஏர் ஸ்க்ரூவுக்கு ஸ்பிரிங் போடுங்கள், கோடு போடுங்கள், சீல் வைக்காதீர்கள். முதலாளி சொன்னது பாதிதான் சரி. இப்போது என் கை வேலை திரும்பி வந்தால் நான் முதலில் ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறேன், இரண்டு டீ சொல்கிறேன். ஸ்க்ரூடிரைவரை அப்புறம்தான் எடுக்கிறேன்.