அம்புக்குறி ஒட்டிய பக்கங்கள்

கல்வியைப் பற்றி யாராவது மேடையேறிப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்று அடிப்படைக்குத் திரும்ப வேண்டும் என்பார் ஒருவர். பழைய மனப்பாடப் படிப்பு குழந்தையைக் கொன்றுவிடும் என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டையும் ஒரே பிள்ளையிடம் செய்து பார்த்து, கடைசியில் அந்தப் பிள்ளையைத் தொலைத்தவள் நான்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரைத் தாண்டி, பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்த தொடக்கப் பள்ளியில் அப்போது வேலை பார்த்தேன். இரண்டே அறைகள். ஐந்தாம் வகுப்பு தலைமையாசிரியரிடம், ஒன்று முதல் நான்கு வரை என்னிடம். பிள்ளைகளில் பாதிப் பேர் தெற்கத்திக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நான் தொலைத்த அந்தப் பிள்ளையும் அப்படித்தான் வந்தாள், இரண்டாம் வகுப்புக்கு. சேர்க்க வந்த அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை மேஜையில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் அங்கே குட்டியாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இரண்டு அவர் சேலை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இவ கம்பெனி பக்கம் வரக்கூடாது டீச்சர். அதுக்கு என்ன படிக்கணுமோ அத நீங்க சொல்லிக் குடுத்துருங்க" என்றார்.

நானும் பெரிய மனுஷி மாதிரி, "அது என் பொறுப்புங்க" என்றேன்.

அந்த வருடம்தான் செயல்வழிக் கற்றல் என்று சொல்லி அட்டைகள் வந்து இறங்கின. சில அட்டைகளில் படமும் சொல்லும், சிலவற்றில் வெறும் சொல், மூலையில் ஒரு சின்னம். சுவரில் ஏணிப்படம். ஓர் அட்டையை முடித்த பிள்ளை அடுத்த படிக்குப் போகும், நான் அட்டவணையில் அதன் பெயருக்கு நேராக டிக் போடுவேன். தலைமையாசிரியருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "பிள்ளைக்கு 'அ' தெரியலைன்னா அணில் படம் எதுக்குங்க டீச்சர்? வாய்ப்பாடு சத்தம் கேக்காத பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமுங்களா?" என்று தினமும் ஒரு முறையாவது கேட்பார். எனக்கு அட்டைகள் பிடித்தன. பிரம்பை முதல் வாரமே தூக்கி எறிந்தேன். பாயில் வட்டமாக உட்கார்ந்து பிள்ளைகள் பயமில்லாமல் பேசுவதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

ஆனால் நாலு வகுப்புக்கும் ஒருத்தி. ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்ற மூன்றும் காற்றில் பறக்கும். அதனால் பயிற்சிப் புத்தகத்தை வைத்துத் தனியாகப் படிக்கிறவர்களிடம், "தெரியாத வார்த்தை வந்தா அடையாளம் போட்டு வை கண்ணு, நான் வந்து சொல்லித் தர்றேன்" என்பேன். அவளிடமும் சொல்லியிருக்கிறேன். போய்ச் சொல்லிக் கொடுத்தேனா என்றால் பெரும்பாலும் இல்லை. பதிவேடு எழுதவே நேரம் போதாது.

அவள்தான் ஏணியில் எல்லோரையும் முந்தி ஏறினாள். எந்த அட்டையை நீட்டினாலும் கடகடவென்று வாசிப்பாள். மேற்பார்வைக்கு வந்த பயிற்றுநர் அவளைப் பத்து அட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைதட்டினார். "மத்த பள்ளிக்கூடத்துலயும் இந்தப் பாப்பாவைப் பத்திச் சொல்றனுங்க மேடம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைமையாசிரியர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவள் நான்காம் வகுப்புக்கு வந்த ஜூன் மாதம், பழசெல்லாம் கிழிந்துபோனதால் புது அட்டைகள் வந்தன. அதே படி, அதே சொற்கள். திருப்பிப் பார்க்கலாம் என்று படமில்லாத ஒரு சொல்லட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். வாசிக்கவில்லை.

"லீவுக்கு முன்னாடி வாசிச்சதுதானே கண்ணு?"

"இதுல கறை இல்லையே டீச்சர்."

பழைய அட்டைகளை எடுத்து வரச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் காட்டினாள். அடியில் எண்ணெய்க் கறை இருந்தால் 'மரம்'. இடது ஓரத்தில் பின் அடித்த ஓட்டை இருந்தால் 'படகு'. முனை மழுங்கி நூல் மாதிரி பிரிந்திருந்தால் 'வயல்'. லீவு நாளெல்லாம் அம்மாவின் செக்கிங் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை. துணியில் குறை தேடுகிற கண் அது. மற்றவர்கள் வாசிப்பதை ஒரு தடவை காதில் வாங்கி, அட்டையின் டேமேஜோடு சேர்த்து முடிந்து வைத்திருந்தாள். இரண்டு வருடமாக அவள் எழுத்தையே பார்க்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் அவள் மேல். என்னை ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். எட்டு வயதுப் பிள்ளை, நான் கேட்டதைத்தான் செய்திருந்தாள்.

"நான் சொன்னனுங்களா, இல்லீங்களா?" என்றார் தலைமையாசிரியர். அவர் முகத்தில் வருத்தத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் தெரிந்தது. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. பீரோவிலிருந்து சிலேட்டை எடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசிப்பு, சொல்வதை எழுதுதல், பத்துப் பத்துத் தடவை எழுதுதல் என்று பழைய வழிக்கே போனேன். அவளை ஒன்றாம் வகுப்புக் குட்டிகளோடு உட்கார வைத்தேன்.

'பட்டம்' என்று எழுதி, "ப, ட், ட, ம்" என்று சொல்லிக் கொடுத்தேன். ராகத்தோடு அப்படியே திருப்பிச் சொன்னாள். 'கட்டம்' என்று எழுதினேன். அதற்கும் "ப, ட், ட, ம், பட்டம்" என்று அதே ராகம். குட்டிகள் சிரித்தன. பத்துத் தடவை எழுதச் சொன்னால் அச்சடித்த மாதிரி எழுதுவாள், எழுதியது என்னவென்று அவளுக்குத் தெரியாது. பிறகு காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை. எறிந்த பிரம்பு கையில் இல்லையே தவிர, என் குரல் பிரம்பாகவே ஆகியிருந்தது.

அம்மாவை வரச் சொல்லி அனுப்பினேன். வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு வந்திருந்தார். "வாசிப்பு கொஞ்சம் பின்தங்கியிருக்குங்க" என்று பூசி மெழுகினேன்.

"கொஞ்சம்னா எம்புட்டு டீச்சர்?"

"எழுத்துச் சேர்த்து வாசிக்க வரலீங்க."

அவர் எழுந்து சுவரில் இருந்த அட்டவணைக்குப் பக்கத்தில் போனார். அந்தக் காலத்தில் ஐந்தாவது வரை படித்தவர், வாசிக்கத் தெரியும். மகள் பெயரில் விரலை வைத்து, கடைசிக் கட்டம் வரை வரிசையாக நகர்த்திக்கொண்டே போனார். எல்லாக் கட்டத்திலும் என் டிக்.

"ஒரு ஊசி ஓட்டை இருந்தாக்கூட அம்பு ஒட்டி ஒதுக்கிருவேன் டீச்சர். பாக்காம பாஸ் பண்ணிட்டா என்னய வேலய விட்டு நிறுத்திருவாக. ரெண்டு வருசம் நீங்க எப்படி பாஸ் பண்ணுனீங்க?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மெதுவாக, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். நாலு வகுப்புக்கு ஒருத்தி என்று சொல்ல வாயெடுத்தேன். செக்கிங் மேஜையில் அவர் முன்னால் மலை மாதிரி பனியன் குவிந்திருக்கும் என்பது ஞாபகம் வந்ததால் சொல்லவில்லை.

"அவளுக்கு கண்ணு நல்லாருக்காம். கம்பெனில சூப்பர்வைசரே சொல்லுதாரு" என்றார் போகும்போது. அதை என்னிடம் சொன்னாரா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. தலைமையாசிரியரும் நானும் அவர்கள் இருந்த, ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. வேறு கம்பெனிப் பக்கம் குடி போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளையும் அம்மாவோடு வேலைக்குப் போகிறாள் என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியில் தலைமையாசிரியர் அட்டையைப் பற்றியும் பேசவில்லை, வாய்ப்பாட்டைப் பற்றியும் பேசவில்லை. "தொலைச்சது நம்ம ரெண்டு பேருந்தானுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். விசாரித்து விசாரித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

வருடக் கடைசியில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அவளுடைய பயிற்சிப் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். சொற்களுக்கு அடியில் குட்டிக் குட்டியாகச் சிவப்பு அம்புக்குறிகள். ஒரு வரிக்கு மூன்று, நான்கு. அடுத்த பக்கத்திலும் அப்படியே. தெரியாத வார்த்தைக்கு அடையாளம் போடச் சொல்லியிருந்தேன் அல்லவா, அவளுக்குத் தெரிந்த அடையாளத்தைப் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் சிவப்பு மை டிக் இருந்தது.

பன்னிரண்டாம் பக்கத்தில் ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது. மேலே என் கையெழுத்து: 'புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டாதே.'

அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை ஓர் அம்புகூட இல்லை. என் டிக் மட்டும் இருந்தது.