கதவோரம் வந்த சேனை

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதற்கு எங்கள் பக்கம் சேனை என்று பெயர். வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வருமாம். தாயைப் போலப் பிள்ளை என்பதெல்லாம் மற்ற ஊருக்கு. எங்களுக்குச் சேனை வைத்தவரைப் போலப் பிள்ளை. அதனால் கோபக்காரர்களை அந்த நேரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. என் மகளுக்கு அக்காதான் வைக்க வேண்டும் என்று மனைவி மாசமாக இருந்தபோதே சொல்லி வைத்திருந்தேன். சிரிக்காமல் பேசத் தெரியாதவள் அவள். அவள் வீட்டு ஆடுகள்கூட மேய்ச்சலை விட்டு அவள் பின்னாலேயே திரியும்.

ஐப்பசி மழையில், கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். எடை குறைவு. பிறந்த சேதி கேட்டதும் அக்கா புதூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். இடுப்பில் சர்க்கரைப் பொட்டலம், மூக்கில் முந்தானை. அறை வாசலிலேயே இரண்டு தும்மல்.

உள்ளே இருந்த நர்ஸ் கையைக் குறுக்கே நீட்டினார். நோயை எதிர்க்கும் தெம்பு பிள்ளைக்கு இன்னும் வரவில்லை, நமக்கு வெறும் சளி என்பது இவளுக்கு நெஞ்சைப் பிடித்துவிடும், தாயின் சீம்பால்தான் இப்போது இவளுக்குக் காவல், சொட்டுத் தண்ணீர்கூட ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்னைப் பார்த்தாள். தடுத்தால் அக்கா மனம் நோகும், விட்டால் பிள்ளை.

"ஆட்டுக்குட்டிக்குச் சேனையா வைக்கோம்? சீம்பால்தானக்கா குடுக்கோம்" என்றேன் மெதுவாக.

"குட்டிக்குக் குணம் பாத்து என்னலே செய்ய? கட்டிக் குடுக்கவா போறோம்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. போன மழைக்கு, ஈன்றதும் தாய் செத்துப்போன குட்டி ஒன்றை மாட்டுப்பால் ஊற்றி மடியிலேயே வைத்திருந்தாளாம். சீம்பால் காணாத குட்டி. எட்டாம் நாள் சளி கண்டது, அதோடு போயிற்று.

"துள்ளிக்கிட்டுத்தாம்லே இருந்துச்சு" என்றாள்.

பொட்டலத்தை விரலில் உருட்டினாள். அப்புறம் வாசலைத் தாண்டாமல் அதை என்னிடம் நீட்டினாள்.

"பெத்தவ வாயில போடு. எங் குணம் பாலு வழியா வரட்டும்."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மனைவி வாயில் ஒரு சிட்டிகை போட்டேன். அவள் மடியில் மகள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிட்டதா என்று அக்கா கதவோரத்திலிருந்து கேட்டாள்.

"இறங்குது மதினி" என்றாள் மனைவி.

மத்தியான பஸ்ஸுக்குப் போகும்வரை அக்கா அங்கேயேதான் நின்றாள். தும்மல் வரும்போதெல்லாம் வராந்தாக் கடைசிக்கு ஓடி, தும்மிவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள்.