எல்லைக்கு வெளியே சித்தூர்

ஆந்திரம் பிரிந்த மறுவருஷம், ஓசூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு உதடெல்லாம் சிவப்பு. சிவப்புப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு சமூகப் பாடத் தாள்களைத் திருத்திக்கொண்டு வந்தார். நம் ராஜ்யத்தின் எல்லையை வரையச் சொன்ன கேள்விக்குத் தாளுக்குத் தாள் முட்டை.

“ஒருத்தருமா சரியா வரையலீங்க?” என்றேன்.

“சுவத்துல தொங்கறது பழைய படம்ங்க. அதப் பாத்து சித்தூரு நம்முளுதுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப வந்த விடைக்குறிப்புல அது ஆந்திராவுல இருக்குது.”

கடைசியாக இருந்த ஒரு பெண்ணின் தாளில் மட்டும் சித்தூர் எல்லைக்கு வெளியே இருந்தது. முழு மார்க்குப் போட்டார்.

“இந்தப் பொண்ணு மட்டும் எப்படி?”

“நான் பாடம் நடத்துன வாரம் அது வரலீங்க. சித்தூர்ல அக்கா கல்யாணம்.”

உதட்டைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அத்தனை முட்டையும் யாருக்குப் போட்டார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.