மாப்பிள்ளைக்கு ஏற்றிய பளு

நாட்டின் வடகோடியில், இர்பித் நகரில், எங்கள் பொறியியல் கல்லூரியில் ஷுக்ரியைத் தெரியாதவர் கிடையாது. ஆய்வுக்கூடப் பணியாளன். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாதவன், அதனாலேயே எல்லாத் துறைக்கும் எடுபிடி. காலையில் மின்துறையில் கம்பிச்சுருளின் தடையை அளப்பான். மதியம் கட்டடத்துறையில் கான்கிரீட் கட்டியை நசுக்குவான். நடுவில் பொம்மைக் காரைக் காற்றுக்கூண்டில் வைத்து, காற்று அதை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று பார்ப்பான். மருந்தியல் கட்டடத்திலிருந்து ஆள் வந்தால், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் வளரும் தட்டுகளை அடுக்கிவைக்கவும் ஓடுவான். நான் அதே கல்லூரியில் சாமான் கிடங்குக்குப் பொறுப்பு, வீடும் அவனுக்குப் பக்கத்து வீடு. அவன் பேச்சை இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியது என் தலையெழுத்து.

இத்தனை இடத்தில் வேலை பார்த்ததில் அவனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பேராசிரியர்கள் தாங்கள் அளக்கும் எதிர்ப்புக்கு அவரவர் அலகு வைத்திருந்தார்கள். ஒருவர் அலகை இன்னொருவர் மதிக்கமாட்டார். ஷுக்ரியோ எல்லாம் ஒன்றுதான் என்றான். கம்பியோ கல்லோ கிருமியோ, 'மாட்டேன்' என்று எவ்வளவு தூரம் சொல்கிறதோ அதுதான் அதன் குணம். சொல்லாததற்குக் குணமே இல்லை. இந்த வேதாந்தத்தோடு சந்தைக்குப் போய்த் தக்காளியை அமுக்கி அமுக்கி வசவு வாங்குவான். புது மெத்தையின்மேல் செங்கல் அடுக்கிவிட்டு, தரையில் படுத்துக்கொண்டு அது அமுங்குவதை வேடிக்கை பார்ப்பான்.

அவன் மனைவி ஹியாம் ஒருநாள் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"அண்ணே, இந்த மனுஷன் மெத்தைய எதிர்த்து நிக்கச் சொல்றாரு, தக்காளிய எதிர்த்து நிக்கச் சொல்றாரு. பேராசிரியர் ஃபோன் பண்ணா மட்டும் இவரு வாயில சரிங்கய்யாவத் தவிர வேற வார்த்தை வராது."

பொய்யில்லை. ஷுக்ரி வாழ்நாளில் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை.

அவனுக்கு ஒரே மகள், ரனீம். அவளுக்கும் ஸுஹைபுக்கும் பிடித்துப்போனது. ஸுஹைப் தெற்குக் கோடியில் அக்கபா துறைமுகத்தில் கிரேன் பழுது பார்ப்பவன், தங்கமான பையன். தாய்மார்கள் பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் வரிசையாக வந்து முறைப்படி பெண் கேட்பதுதான் பாக்கி. அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் வசனம் மனப்பாடமான நாடகம். கசப்புக் காப்பி ஊற்றுவார்கள். வந்தவர்களின் தலைவர் குடிக்காமல் கீழே வைப்பார். பெண்ணின் தகப்பன் 'காப்பியக் குடிங்க, கேட்டது கிடைச்சது' என்பான். அதோடு கல்யாணம் முடிவானதாக அர்த்தம்.

முந்தின நாள் ஷுக்ரி என் கிடங்குக்கு வந்து ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தான்.

"அந்தப் பையன் எதைக் கேட்டாலும் சரிங்கிறான்டா. சுத்தமான செம்புக் கம்பி, தடையே கிடையாது."

"நல்லதுதானேடா?"

"என்னடா நல்லது? நானும் சரி சரின்னே காலத்த ஓட்டினவன். வீட்டுல வந்து உக்காந்த சொந்தக்காரனுக்கெல்லாம் சரின்னேன். ஹியாம் பட்ட பாடு எனக்குத் தெரியும். நாளைக்கு அவ்வளவு தூரத்துல எம் பொண்ண யாராவது ஏதாவது சொன்னா, அவளுக்காக முடியாதுன்னு சொல்ல ஒருத்தன் வேணாமா?"

எப்போதும் கேலி செய்கிற நான் அன்று எழுந்து அவனுக்கு டீ வாங்கிவரப் போனேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலைத் தொழுகை முடிந்ததும் வந்துவிட்டார்கள். தலைமை ஹாஜி மிஃப்லிஹ். ஊரில் பாதிக் கல்யாணம் அவர் கேட்டு முடித்ததுதான். காப்பி ஊற்றுவது என் வேலை. ஹாஜி கிண்ணத்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் பெண் கேட்டார். எல்லோரும் ஷுக்ரியைப் பார்த்தோம். ஷுக்ரி மாப்பிள்ளையைப் பார்த்தான்.

"தம்பி, சிகரெட்ட விட்டுடணும்."

"சரி மாமா."

"மீசைய எடுத்துடணும்."

பையனின் தகப்பனார் தன் மீசையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி மாமா."

கான்கிரீட் கட்டியை நசுக்குவது இப்படித்தான். பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முதல் விரிசல் எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஷுக்ரி அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தான். பாவி, மாப்பிள்ளைக்குப் பளு ஏற்றுகிறான் என்று அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"உன் பந்தாட்ட அணிய விட்டுட்டு எதிரணிக்குக் கை தட்டணும்."

அறையில் ஒருவர் 'அல்லாஹ்' என்றார்.

"சரி மாமா."

"அபூ ரனீம், காப்பி ஆறுது," என்று ரனீமின் தகப்பனை அழைத்தார் ஹாஜி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆறட்டும் ஹாஜி. தம்பி, அக்கபா வேலைய விட்டுட்டு இங்கயே இருக்கணும்."

"சரி மாமா."

"கார வித்துட்டுக் கழுதையில போகணும்."

பையன் கொஞ்சம் யோசித்தான். ஷுக்ரி ஆசையோடு முன்னால் சாய்ந்தான்.

"ஆண் கழுதையா, பெண் கழுதையா மாமா?"

ஷுக்ரி துள்ளி எழுந்தான். "எம் பொண்ணே உனக்கு வேணாம்! எழுந்து போ!"

பையன் முகம் வெளுத்துவிட்டது. கண் கலங்கியது. ஆனாலும், "சரி மாமா," என்று எழுந்து, வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தான். ஷுக்ரியைப் பார்க்கச் சகிக்கவில்லை. விரிசல் கேட்டதென்னவோ அவனிடமிருந்துதான். தன் மகள் கல்யாணத்தைத் தன் கையாலேயே உடைத்துவிட்டு, சேர்த்து வைக்க வழி தெரியாமல் நின்றான்.

உள்கதவு திறந்தது. ஆண்கள் அத்தனை பேர் நடுவிலும் ரனீம் நேராக நடந்து வந்து, ஹாஜியின் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"அது என் காப்பிம்மா," என்றார் ஹாஜி. அவர் அனுபவத்தில் இதற்கு வசனம் இல்லை.

"ஆறிப்போச்சு ஹாஜி, உங்களுக்குச் சூடா வேற தர்றோம். ஸுஹைப், செருப்ப விட்டுட்டு வந்து உக்காரு."

"சரி," என்று வந்து உட்கார்ந்தான் அந்தப் பையன்.

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். "ராத்திரி அம்மாகிட்ட நீங்க புலம்புனது எனக்கும் கேட்டுச்சு. எனக்காக முடியாதுன்னு சொல்றதுக்கு ஆள் தேடுறீங்களாப்பா? எனக்கு வாய் இல்லையா?"

வீட்டில் மெத்தை வரை சோதித்துப் பார்த்தவன், மகளை மட்டும் சோதித்ததே இல்லை. ஷுக்ரி அவளையே பார்த்தான். மெல்ல அவன் முகம் மலர்ந்தது. என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"டேய், ஒரே வரிசையில கோத்தா எங்கயாவது ஒரு இடத்துல தடை இருந்தாப் போதும்டா! மாப்பிள்ள கம்பியாவே இருக்கட்டும்! இது எப்படிடா எனக்குத் தோணாமப் போச்சு?"

"இப்பவாவது குடிக்கலாமா?" என்றார் ஹாஜி, நான் புதிதாக ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தோடு.

"குடிங்க ஹாஜி, எல்லாரும் குடிங்க! கேட்டது கிடைச்சது!"

பெண்கள் உள்ளே குலவையிட்டார்கள். கினாஃபா தட்டுகள் வந்தன. காத்திருந்த எரிச்சலையெல்லாம் பெரியவர்கள் அந்த இனிப்பின்மேல் காட்டினார்கள். ஷுக்ரி வாய் நிறைய கினாஃபாவோடு மகள் பக்கத்தில் போய் நின்றான்.

"மாப்பிள்ளதான் அந்த வேலைய விட்டுடறேன்னுட்டாரே. மாடிய நாளைக்கே வெள்ளையடிக்கச் சொல்லிடறேன்ம்மா."

"இல்லப்பா," என்றாள் ரனீம். குரலில் கோபமில்லை. "நாங்க அக்கபாவுக்குத்தான் போறோம்."

ஸுஹைப் அவளைப் பார்த்து, "சரி," என்றான்.

ஷுக்ரி வாயிலிருந்ததை விழுங்கினான். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா," என்றான். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அக்கபாவுக்கு பஸ்ஸில் போனால் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டான். அது அவனுக்குத் தெரியாததல்ல. அரைநாள் ஆகும் என்று சொன்னேன்.