நாலாவது சக்கரத்துக்குக் கோடு போடவில்லை

என் அண்ணிக்குக் குடும்பத்துக்குள் ‘இன்னொரு தடவை’ என்று பெயர். வைத்தவள் நான்தான். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள்; நாலு அடி போய்விட்டு, இன்னொரு தடவை பார்த்துட்டு வரேன் என்று திரும்புவாள். சிலிண்டர், தண்ணீர்க்குழாய், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே மரியாதை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டதில் மட்டும் இன்னொரு தடவை யோசிக்காமல் விட்டுவிட்டாள் என்று நான் சொல்வதுண்டு. அவள் சிரிக்கமாட்டாள். யோசிப்பாள்.

பிறவியிலேயே இப்படி இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரே உயரம் ஒரே மூடி கொண்ட இரண்டு பாட்டில்களில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள். வாங்கியவர் வாசல்வரை போய்விட்டார். பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் நெஞ்சில் ஏறிய படபடப்பு பிறகு இறங்கவே இல்லை.

நாற்பத்தோரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அண்ணனுக்கு வெளியூரில் உத்தியோகம். வாரக் கடைசியில் விருந்தாளி மாதிரி வந்துபோவான். பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போக வர, சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார் வாங்கினார்கள். அன்றிலிருந்து வீட்டில் மூன்றாவது பெண் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் வாயைத் திறந்து ஆயில் பார்ப்பாள். குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறபோது, காய்ச்சல் பார்க்கிற டாக்டர் தோற்றார். ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், டயரில் காற்று, ஐந்தாவதாகப் படுத்திருக்கும் ஸ்டெப்னியிலும் காற்று. என்னைப் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டு பிரேக்கை மிதித்து, சிவப்பு எரியுதா என்று கேட்பாள். எரியுது என்றால் எவ்வளவு என்று கேட்பாள்.

வண்டியை எடுக்குமுன் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருவாள். பானெட்டை மூன்று தடவை தட்டுவாள். ஒரு தடவை உள்ளே ஒரு பூனை சூட்டுக்குப் படுத்திருந்து இறங்கி ஓடியது; அந்தப் பூனை நன்றிக்காக மூன்று வருஷம் தன் குட்டிகளையெல்லாம் கூட்டிவந்து அவளிடம் காட்டிவிட்டுப் போனது. இதை நம்பாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

பிள்ளைகளுக்கு அவள் போட்ட சட்டங்கள் தனி. பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட். ஓட்டும்போது கைப்பேசி சத்தமில்லாமல் டேஷ்போர்டு டப்பாவுக்குள் இருக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது. “நானே செத்துப்போனேன்னு சேதி வந்தாலும் வண்டியை நிறுத்திட்டு எடு. நான் எங்கேயும் போயிட மாட்டேன்” என்பாள். பெரியவள் லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷத்தில் இந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குக் கைப்பேசியே கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்கு நீச்சல் போட்டி. மலையடிவாரத்து ஊரில், ஒன்பது மணிக்கு. எங்கள் ஊர் மேலே இருக்கிறது. பதினோரு கிலோமீட்டர் சமமான ரோடு. அப்புறம் கொண்டை ஊசி வளைவுகளாகவே இறக்கம். பெரியவள் ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இறக்கத்தில் போகிற வண்டி, முன்டயர் இரண்டும் தேய ஆரம்பித்திருக்கிறது என்று அண்ணி விடியற்காலையிலேயே எழுந்து முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவன் சரியாக முறுக்கினானா என்று அவளுக்குத் தூக்கம் வராது.

அவள் வேலை செய்கிற முறை இதுதான். சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் திருகுவாள். ஜாக்கியை இறக்குவாள். சக்கரம் தரையில் நன்றாக உட்கார்ந்த பிறகு ஸ்பேனர் போட்டு, ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரில் இருப்பதை என்று குறுக்கும் நெடுக்குமாக முறுக்குவாள். முடித்ததும் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு விழுந்தால் அந்தச் சக்கரம் தேறிவிட்டது என்று அர்த்தம்.

மூன்று சக்கரத்துக்குக் கோடு விழுந்திருந்தது. நாலாவது, முன்பக்கம் இடது. கையால் திருகி, ஜாக்கியை இறக்கி, அதை டிக்கியில் வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுக்கக் குனிந்த நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் தெருக்கோடி வீட்டு நாய் கார்ச்சாவியை முழுங்கிவிட்ட கதையை அன்றைக்குள் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்திருக்கும். பட்டன் வைத்த சாவி. நாய் குதிக்கும்போதெல்லாம் கார்க் கதவு பூட்டுவதும் திறப்பதுமாக இருக்கிறது. வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டுமானால் நாய்க்கு ரொட்டியைத் தூக்கிக் காட்டிக் குதிக்க வைக்கிறார். முழுங்கியது உண்மை. மற்றது நான் போட்ட உப்பு புளி. கையைக் கழுவிட்டு வா அண்ணி, உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை என்று சமையலறைக்கு இழுத்துப் போனேன். என் அண்ணி வருஷத்துக்கு ஒரு தடவை வாய்விட்டுச் சிரிப்பாள். அந்த வருஷத்துச் சிரிப்பு அன்றைக்கு வந்தது.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து பெரியவள் கேட்டாள்: “அம்மா, எல்லாம் பார்த்தாச்சா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணி சொன்னாள்: “பார்த்தாச்சு, போயிட்டு வா.”

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. கேட் சாத்தப்பட்டது. நான் கதையின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசலைக் கூட்டப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். கார் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கீழே ஸ்பேனர் கிடந்தது. பக்கத்தில் சாக்பீஸ்.

“நான் அந்தக் கோட்டைப் போடலை” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

போட்டிருப்பாய், ஞாபகம் இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். நாலு நட்டும் வெறும் கைத்திருகலில் நிற்கின்றன. சமமான ரோட்டில் தாங்கும், தாங்காமலும் போகும். வளைவில் ஒரு பக்கமாகப் பாரம் சாயும்போது சக்கரம் கழன்றால் அங்கே தடுப்புச் சுவர்கூட முழங்கால் உயரம்தான்.

பெரியவளைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. ஆறு தடவை. ஆறு தடவையும் அது டப்பாவுக்குள் சத்தமில்லாமல் அடித்திருக்கும். “எடுக்க மாட்டா. நான்தானே எடுக்காதேன்னு சொன்னேன்” என்றாள். அந்த வாரம் அண்ணன் வரவில்லை; கூப்பிட்டால் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு அவன் என்ன செய்வான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

முக்கில் நின்ற டாக்சியில் ஏறினோம். அந்த டாக்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் என் தாத்தாவின் தலையைவிட வழுக்கை. பின்சீட்டு பெல்ட்டில் மாட்ட வேண்டிய முனையே இல்லை. பிரேக் போட்டால் ஆட்டுக்குட்டி கத்தியது. பக்கக் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதில் தெரிந்தது ரோடு இல்லை, டிரைவரின் காது. வேறொரு நாளாக இருந்தால் அண்ணி அதன் பக்கத்தில் நடந்துகூடப் போயிருக்கமாட்டாள். அன்று கதவைத் திறந்து முதலில் ஏறியவள் அவள்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மடியில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு டிரைவர் கேட்டார், “அம்மா, வேகமா போகலேன்னா அடிக்கிறதுக்கா அது?” ஒருவரும் சிரிக்காததால் அவரும் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மனிதர் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

பாதி வழியில்தான் அவள் மடியைத் தடவிப் பார்த்தாள். கைப்பேசியை வாசல் சுவர்மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குக் கைப்பேசி கிடையாது. நான் பேசுவதற்குக் கருவி தேவைப்பட்டதில்லை. டிரைவர் தன்னுடையதைப் பின்னால் நீட்டினார். அண்ணி அதை வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். காரின் எஞ்சின் எண்ணைத் தலைகீழாகச் சொல்வாள். பெற்ற பெண்ணின் எண் தெரியவில்லை. தன் கைப்பேசியில் பெரியவள் என்று தட்டினால் போகும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு ரோட்டோரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனோம். ஏழாவது கிலோமீட்டர் கல். எட்டாவது. ஒரு திருப்பத்தில் ஏதோ சாம்பல் நிறமாகப் பள்ளத்தில் கிடந்தது. அண்ணியின் விரல்கள் என் மணிக்கட்டில் இறங்கின. பாறை. ஒன்பதாவது. பத்தாவதும் போயிற்று. இன்னும் ஒரு கிலோமீட்டரில் இறக்கம். சாய்ந்துவிடாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “நான் பார்த்தாச்சுன்னு சொன்னேன்” என்றாள். “பார்க்காம சொன்னேன்.” அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாய்க்கதையை நினைத்து என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முதலில் கண்ணில் பட்டது ரோட்டில் நிறுத்திய சிவப்பு முக்கோணம். அதற்கு ஐம்பது அடிக்கு அப்பால், மரநிழலில், நாலு மூலையும் மினுக் மினுக்கென்று எரிய, சாம்பல் நிறக் கார். ரோட்டை விட்டுத் தள்ளி ஒரு கல்லின்மேல் சின்னவள் நீச்சல் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியவள் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

டாக்சி நிற்குமுன்பே அண்ணி இறங்கினாள். பெரியவள் எழுந்து வந்து தாங்கிப் பிடித்தாள்.

ஸ்டியரிங் நடுங்கியதாம். அப்புறம் கீழே ஒரு சத்தம். “நீ சொல்லிக் கொடுத்த சத்தம் எதுவும் இல்லம்மா. நீ சொல்லாத சத்தமா இருந்துச்சு. அதான் நிறுத்திட்டேன்” என்றாள். நிறுத்திக் கையால் தொட்டதும் மூன்று நட்டுகள் சுற்றியிருக்கின்றன. உடனே அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அது எங்கள் வாசல் சுவர்மேல் தனியாக அடித்திருக்கிறது. “டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஜாக்கி இருக்கு, முதலுதவிப் பெட்டி இருக்கு. ஸ்பேனர் இடம் மட்டும் காலி. போன்ல நீ ஆறு தடவை கூப்பிட்டது வேற இருந்துச்சு. சரி, நீ வந்துட்டு இருக்கேன்னு தெரிஞ்சுது.”

சுற்றிவரும் வழக்கத்தைத் தானும் அன்றைக்கு விட்டுவிட்டதாக அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சுற்றியிருந்தால் கோடு இல்லாத டயரைப் பார்த்திருப்பாள். “நீ பார்த்தாச்சுன்னு சொன்னியே” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அண்ணிக்கு அது அடியாகத்தான் விழுந்தது.

அண்ணி குந்தி உட்கார்ந்து ஸ்பேனரை மாட்டப் பார்த்தாள். இரண்டு தடவை வைத்தும் அது நட்டின்மேல் உட்காரவில்லை. பெரியவள் வாங்கி முறுக்கினாள், எதிரும் புதிருமாக, வரிசையாக இல்லாமல், அம்மா செய்கிற அதே ஒழுங்கில். ஆனாலும் இறக்கத்துக்கு அண்ணி விடவில்லை. ஆட்டத்தில் போல்ட்டின் மரை தேய்ந்திருக்கலாம், கழற்றிப் பார்க்காமல் இந்த வண்டி வளைவில் இறங்காது என்றாள். சின்னவள் டாக்சியைப் பார்த்தாள். அண்ணியும் அப்போதுதான் அதைக் கண் திறந்து பார்த்தாள். அந்த டிரைவருக்கு அங்கேயே நடுரோட்டில் கிடைத்த உபதேசம், அவர் லைசென்ஸ் எடுத்த நாளில்கூடக் கிடைத்திருக்காது. மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, வரும்போது ஒண்ணும் சொல்லலையேம்மா என்றார்.

சின்னவள் போட்டிக்குப் போகவில்லை. ஊர்ந்து ஊர்ந்து மெக்கானிக் கடைக்குப் போனோம். இரண்டு போல்ட் மாற்ற வேண்டியிருந்தது. மூன்று நாள் அந்தப் பெண் அம்மாவோடு பேசவில்லை. அண்ணி சமாதானம் சொல்லவும் இல்லை. சின்னவளின் அலமாரிக் கதவில், நீச்சல் குளத்தில் அடுத்த போட்டி எந்தத் தேதி என்று எழுதி மட்டும் ஒட்டிவைத்தாள்.

இப்போதெல்லாம் அவள் தனியாக வண்டி பார்ப்பதில்லை. பெரியவள் பட்டியலை வாய்விட்டு வாசிக்க, அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. நாலாவது கோடு விழும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை பொறுக்கமாட்டாமல், அந்த நாய்க்கு என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பித்தேன். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள். முதல் சக்கரத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

வண்டி கேட்டைத் தாண்டியதும் நாங்கள் இருவரும் வாசலில் நிற்போம். தரையைப் பார்ப்பாள், ஒன்றும் விட்டுப்போயிருக்காது. அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். தெரு முனை திரும்பி, பெரிய ரோட்டில் கலந்து, அந்தச் சத்தம் மற்றச் சத்தங்களுக்குள் போய்க் கரைகிற வரைக்கும். எனக்கு அது முன்னாடியே கேட்காமல் போய்விடும். அவளுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்.